மத்தாப்புக் கம்பி சொல்லும் வரலாறு



தீபாவளிக்கு மறுநாள் காலையில் நம் ஊர்த் தெருக்களில் நடந்து செல்வோர் காலடியில் பல பொருள்கள் தட்டுப்படும். வெடித்துச் சிதறிய காகிதத் துண்டுகளுக்கு இடையே, பாதி கருகியும் பாதி பளபளத்தும் கிடக்கும் மெல்லிய இரும்புக் கம்பிகள் அவற்றுள் ஒன்று. முதல் நாள் இரவு குழந்தைகள் கையில் பூப்பூவாய்ச் சிரித்த கம்பி மத்தாப்பின் எச்சம் அது. அதனைக் குப்பை என்று ஒதுக்கிவிட வேண்டா. விருதுநகரை அடுத்த சிற்றூர்ப் பள்ளிகளில் பல்லாண்டுகள் ஆசிரியனாக இருந்தவன் நான். அக்கம்பியை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பு முழுவதும் பாடம் நடத்தியிருக்கிறேன். இன்றும் அதையே உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பியை மணலில் செருகி, நன்றாக ஆறும்வரை தொடாமல் விட்டுவிடுங்கள். சிவப்பு மறைந்த பின்பும் நெடுநேரம் அதில் சூடு தங்கியிருக்கும். ஆதலால் அவசரம் கூடாது. ஆறிய பிறகு, மருந்து பூசி எரிந்த பகுதியை மெல்ல வளையுங்கள். சொன்னபடி வளைந்து, வளைந்தபடியே நிற்கும். பின்னர், கையால் பிடித்திருந்த, தீப்படாத அடிப்பகுதியை வளையுங்கள். அது எளிதில் இணங்காது. விட்டவுடன் வில்லைப்போல் நிமிர்ந்துகொள்ளும். கம்பி ஒன்றே, இரும்பும் ஒன்றே. ஆயினும் ஒரு முனை பணிவும், மறு முனை பிடிவாதமும் காட்டுகின்றன. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? இக்கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால், மூவாயிரம் ஆண்டு உலோகத் தொழில் வரலாறு நம் முன் விரியும்.

உலோகத்திற்கு உருக்கொடுக்கும் வழிகள் பல. உருக்கி அச்சில் ஊற்றுவதை 'வார்த்தல்' என்கிறோம்; சுவாமிமலைச் சிற்பிகள் தெய்வத் திருமேனிகளை ஆக்கும் முறை அது. உருக்காமல், திடப்பொருளாகவே வைத்துக்கொண்டு, அடித்தும் அழுத்தியும் உருட்டியும் இழுத்தும் வடிவம் தருவது மற்றொரு வழி. நாம் இன்று பேசப்போவது அதனைப் பற்றியே. அதிலும் இரு பிரிவுகள் உண்டு. நெருப்பிலிட்டுச் சிவக்கக் காய்ச்சி உருவாக்குவது ஒன்று. காய்ச்சாமல் குளிர்ந்த நிலையிலேயே உருவாக்குவது மற்றொன்று. முன்னதற்குக் கொல்லன் உலைக்களம் சான்று. பின்னதற்குப் பொற்கொல்லரின் கம்பியச்சு சான்று.

என் இளமையில், அறுபதுகளின் இறுதியில், எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் ஒரு கொல்லுப் பட்டறை இருந்தது. அரிவாளைத் தீட்டி வாங்கிவர என் தந்தையார் என்னை அனுப்புவார். வேலை முடிந்தும் நான் திரும்பேன். துருத்தி ஊத, கரி கனலும். குறட்டால் பற்றிய இரும்பு செந்நிறமாய் வெளிவரும். பட்டடைக்கல்லின் மேல் அதை வைத்து ஆசாரி சுத்தியலால் இடம் காட்ட, எதிரே நிற்பவர் அவ்விடத்தில் சம்மட்டியை இறக்குவார். பத்துப் பதினைந்து அடிகள்தாம். உடனே இரும்பு மீண்டும் உலைக்குப் போய்விடும். "இன்னும் நாலு அடி அடித்தால் என்ன, ஆசாரி?" என்று ஒரு நாள் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, செவப்பு இருக்கிற வரைக்கும்தான் அது நம்ம பேச்சைக் கேட்கும். கறுத்த பெறகு அடிச்சா முறுக்கிக்கிடும், கடைசியில வெடிச்சுப்போகும்" என்றார். கல்லூரியில் உலோகவியல் நூலைப் புரட்டியபோதுதான், அவர் ஓர் அத்தியாயத்தை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார் என்பது எனக்கு விளங்கிற்று.

அந்நூல் கூறுவதைச் சுருங்கச் சொல்கிறேன். உலோகம் எண்ணற்ற நுண்படிகங்களால் ஆனது. ஒவ்வொரு படிகத்திலும் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. அவ்வரிசைகளில் ஆங்காங்கே ஒழுங்கு பிறழ்ந்த இடங்கள் உண்டு. உலோகத்தை அடிக்கும்போது அப்பிறழ்வுகள் நகர்வதாலேயே வரிசைகள் வழுக்கி, உலோகம் வளைகிறது. இவ்வுண்மையை 1934-இல் டெய்லர், ஒரோவன், பொலானி என்னும் மூவர் தனித்தனியே எடுத்துரைத்தனர். குளிர்ந்த நிலையில் அடிக்க அடிக்கப் பிறழ்வுகள் பெருகும். ஒன்றன் வழியை ஒன்று மறிக்கும். சந்தைக் கூட்டத்தில் எவரும் நகர முடியாததுபோல் ஆகிவிடும். உலோகம் கடினமாகும், மேலும் வருத்தினால் பிளக்கும். ஆனால் போதிய சூட்டில் அப்படியன்று. சிதைந்த படிகங்கள் மறைந்து, புதிய, சீரான படிகங்கள் அடிக்கும்போதே தோன்றிக்கொண்டிருக்கும். ஆகவே, குளிர்நிலை உலோகம் தான் பட்ட அடிகளை நினைவில் வைத்துக்கொள்ளும்; சூட்டுநிலை உலோகம் அவற்றை மறந்துவிடும் என்று சொல்லலாம்.

இங்கு ஒரு நுட்பத்தையும் நீங்கள் அறிய வேண்டும். சூடு, குளிர் என்பவை நம் கைக்குத் தோன்றுவனவல்ல. அந்தந்த உலோகத்தைப் பொறுத்தவை. ஈயம் நாம் வாழும் அறையின் வெப்பத்திலேயே புதுப்படிகம் கொள்ளும். ஆதலால் ஈயத்தைக் கையில் வைத்துத் தட்டினாலும் அது சூட்டுவேலையே. மின்விளக்கின் இழையாகிய டங்ஸ்டனோ 1000 டிகிரி சென்டிகிரேடில் கனிந்து ஒளிரும்போதும் உலோகவியலார் கணக்கில் 'குளிர்ந்த' நிலையிலேயே இருக்கிறது. உடையும் இயல்புள்ள அவ்வுலோகத்தை, அமெரிக்காவில் வில்லியம் கூலிட்ஜ் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தகைய சூட்டில் அடித்தும் இழுத்தும் மெல்லிழையாக்கினார். ஒன்றற்குத் தழலாக இருப்பது மற்றொன்றற்குத் தண்மை. உலோகத்தின் பதம் அறிவதே தொழிலின் உயிர், வலிமை அடுத்தது.

இந்தப் பதத்தை நம் முன்னோர் எப்பொழுது அறிந்தனர்? விடை காண விருதுநகரிலிருந்து தெற்கே, தாமிரபரணிக் கரைக்குச் செல்ல வேண்டும். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியராகிய ஜாகர் என்பவர் முதன்முதலில் அகழ்ந்தார். அதன்பின் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் பணியை மேற்கொண்டது. முதுமக்கள் தாழிகளுடன் இரும்புக் கருவிகளும், வெண்கலக் கலங்களும், பொன்னால் ஆன நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. ரீ கண்டெடுத்தவற்றுள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

அப்பட்டங்கள் மெல்லிய பொற்றகடுகள். புள்ளி புள்ளியாய்க் கோலம் தட்டப்பட்டவை. பொன் மிக மென்மையானது. ஆதலால் குளிர்நிலையிலேயே தகடாய்த் தட்ட இடந்தரும். அங்குக் கிடைத்த வெண்கலக் கிண்ணங்கள் சிலவற்றின் கதை வேறு. அவற்றில் வெள்ளீயம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். இத்துணை வெள்ளீயம் கலந்த வெண்கலம் குளிர்ந்த நிலையில் கண்ணாடிபோல் உடையும். ஒரே அடியில் சில்லுச் சில்லாகும். ஆயின் ஏறத்தாழ 600 டிகிரிக்கு மேல், 800 டிகிரிக்குள், செந்நிறத்தில் இருக்கும்போது மட்டும் அது அடிக்கு இணங்கும். அவ்வெல்லைக்குள் அடித்து மெலிதாக்கி, சூடு மாறுமுன் நீரில் அமிழ்த்திவிட்டால், உடையும் தன்மை பெரிதும் தோன்றாமல் தடைப்படும். எஃகைச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தால் அது கடினமாகி உடையும் தன்மை பெறும். இவ்வெண்கலமோ நீரில் தோய்வதால் அத்தன்மையிலிருந்து தப்புகிறது. ஒரே செயல், இரு உலோகங்கள், இருவேறு பயன்! வெப்பமானி இல்லாத காலத்தில், நிறத்தைக் கண்ணால் அளந்து இதனைச் செய்த கைகளை எண்ணிப் பாருங்கள். அக்கைகளுக்கு உரியவர் பெயர் ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை. அவர் அறிவை நுண்நோக்காடி கொண்டு நாம் மீண்டும் கற்க வேண்டியதாயிற்று.

இரும்பின் தொன்மையும் இன்று புதிதாய்ப் பேசப்படுகிறது. ஆதிச்சநல்லூருக்கு அண்மையிலுள்ள சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்வதாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இக்காலக் கணிப்பைப் பற்றி அறிஞரிடையே ஆராய்ச்சியும் விவாதமும் நிகழ்கின்றன. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் இரும்பும் எஃகும் ஆக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டுள்ளன. மூசையில் இரும்பைக் கரியுடன் வைத்து மூடிக் காய்ச்சி எஃகாக்கும் கலை தென்னாட்டின் புகழ்பெற்ற கலை. அதனை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்றனர். மைக்கேல் ஃபாரடே, மின்னியலில் புகழ் பெறுமுன், 1819-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்வெஃகை ஆராய்ந்தவர் என்பது உங்களுள் பலர் அறியாத செய்தியாக இருக்கலாம்.

ஐரோப்பியக் கொல்லர் பலர் அவ்வெஃகைத் தம் உலையில் இட்டு அடித்தபோது அது பொடிந்து உதிர்ந்தது. காரணம் யாது? அவர்கள் பழகியது கரிச்சத்துக் குறைந்த இரும்பு. வெண்ணிறமாகும்வரை காய்ச்சி அடிப்பது அவர்கள் வழக்கம். நம் எஃகிலோ கரிச்சத்து மிகுதி. அது தாழ்ந்த சூட்டிலேயே உள்ளுக்குள் உருகத் தொடங்கிவிடும். மிகுதியாய்க் காய்ச்சினால் உதிரும். குறைவாய்க் காய்ச்சினால் வெடிக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய செந்நிறத்தில் மட்டுமே அது கத்தியாகும். பொருளைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடலாம். பதத்தை அவ்வாறு அனுப்ப இயலாது.

இனி, மேலைநாட்டில் நிகழ்ந்த மாறுதலைக் காண்போம். 1783-இல் இங்கிலாந்தில் ஹென்றி கோர்ட், பள்ளம் வெட்டிய உருளைகளுக்கிடையே செஞ்சூடான இரும்பைச் செலுத்திச் சட்டங்களாக்கும் முறைக்கு உரிமை பெற்றார். சம்மட்டி நாள் முழுதும் செய்ததை உருளை சிறிது நேரத்தில் செய்தது. 1842-இல் ஜேம்ஸ் நாஸ்மித் நீராவிச் சம்மட்டிக்கு உரிமை பெற்றார். பெரிய கப்பல்களுக்கு வேண்டிய தண்டுகளையும் அடிக்க வழி பிறந்தது. மலிவான இங்கிலாந்து இரும்பு இந்தியத் துறைமுகங்களில் வந்து குவிந்தது. 1830-களில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் பெரும் இரும்பு ஆலை தொடங்கினார். அதுவும் நிலைத்து நிற்கவில்லை. சேலம் பகுதியின் சிற்றுலைகள் ஒவ்வொன்றாய் அவிந்தன. கொல்லர் மட்டும் எஞ்சினர். அவர் கையிலிருந்த இரும்பு வேற்று நாட்டு இரும்பாயிற்று.

1912-இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலையில் எஃகு பிறந்தபோது இந்நிலை மாறத் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் சேலம் உருக்காலைக்கு 1970-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அவ்வாலையின் வளர்ச்சி முறை கவனிக்கத்தக்கது. 1980-களின் தொடக்கத்தில் அது குளிர்நிலை உருட்டலையே முதலில் தொடங்கியது. வேறிடத்தில் சூட்டில் உருட்டிய துருப்பிடியா எஃகுத் தகட்டை வாங்கி, குளிர்நிலையில் மெலிதாக்கிப் பளபளப்பாக்கிற்று. சூட்டில் உருட்டும் பகுதி 1990-களில்தான் சேர்ந்தது. நம் வீட்டு எவர்சில்வர்ப் பாத்திரத்திற்கு இவ்விரு வேலைகளும் வேண்டும். கனத்த கட்டியைத் தகடாக்கச் சூடு உதவும். ஆனால் சூட்டில் மேற்பரப்புக் கருகிச் செதிலாகும், ஆறும்போது அளவும் சுருங்கும். ஒளியும் நுண்ணிய அளவும் வலிமையும் குளிர்நிலை வேலையால் வருவன.

இப்பொழுது நம் மத்தாப்புக் கம்பிக்குத் திரும்புவோம். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து, 1940-களில் பட்டாசுத் தொழிலும் அங்கு வேரூன்றியது. மழை குறைந்த கரிசல் நிலத்திற்கு அது வாழ்வளித்தது. கம்பி மத்தாப்புக்கு வேண்டிய கம்பியின் பிறப்பு ஆலையில் தொடங்குகிறது. எஃகுக் கட்டி செஞ்சூட்டில் உருளைகளின் வழியே ஓடி, 5.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பியாகச் சுருளுகிறது. இது சூட்டுவேலை. பின்பு அமிலத்தில் கழுவிச் செதில் நீக்கி, சோப்புத் தூளை வழுக்குப் பொருளாக இட்டு, வரவரச் சிறுக்கும் துளைகளின் வழியே குளிர்நிலையில் இழுக்கிறார்கள். பொற்கொல்லர் தம் கம்பியச்சில் பொன்னை இழுப்பதும் இதே வேலைதான். அவர் அச்சு எஃகுத் தகடு. ஆலையின் அச்சு டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இழுப்பதால் இரும்பின் பருமன் குறைவதில்லை; தடிப்புக் குறைந்தால் நீளம் பெருகும். 5.5 மில்லிமீட்டர்க் கம்பி ஒரு மீட்டரை 1 மில்லிமீட்டர்க் கம்பியாக்கினால், அது 30 மீட்டருக்கு மேல் நீளும். அவ்வளவு இழுத்தும் அது துளைக்கு வெளியே அறுந்துபோகாதது ஏன்? துளைக்குள் நுழையும் பகுதியைவிட வெளிவந்த பகுதி மெலிந்தது. ஆனால் குளிர்நிலையில் நசுங்கியதால் கடினமானது. அக்கடினமே இழுப்பைத் தாங்குகிறது. பட்ட துன்பமே பலமாகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை கடந்தால் கம்பி அறும்; ஆதலால் வேண்டும்போது இடையில் காய்ச்சி மெல்ல ஆறவிட்டு, அதன் முறுக்கைத் தணித்து மீண்டும் இழுப்பர்.

முதலில் கேட்ட கேள்விக்கு விடை இப்பொழுது தெளிவாகிறது. மத்தாப்பின் அடிப்பகுதி தான் பட்ட இழுப்பை நினைவில் வைத்திருக்கிறது. ஆதலால் வில்லைப்போல் நிமிர்கிறது. எரிந்த பகுதியோ செஞ்சூடடைந்து, புதுப்படிகம் பெற்று, அனைத்தையும் மறந்துவிட்டது, ஆதலால் பணிகிறது. ஒரு சாண் கம்பியில் உலைக்களமும் கம்பியச்சும் அடுத்தடுத்து வீற்றிருக்கின்றன!

இன்னும் ஒன்று சொல்லாமல் முடித்தல் தகாது. ஓர் ஆணியைக் கல்லின்மேல் வைத்து விரைந்து அடித்துத் தொட்டுப் பாருங்கள், சுடும். உலோகத்தை உருக்குலைக்கச் செலவிடும் உழைப்பில் பெரும்பகுதி வெப்பமாகிறது. இரும்புக் கம்பியை இடைவிடாது அடித்தே நெருப்பு மூட்டிய கொல்லர் உண்டு. கடின எஃகு கல்லோடு உரசினால் தெறிக்கும் பொறி, சுரண்டப்பட்டுச் சூடேறி எரியும் இரும்புத் துணுக்கே. உலைக்களத்தில் நன்மை தருவது மருந்து அறையில் நமனாகும். ஆகவேதான் பட்டாசு ஆலையில் மருந்து கையாளும் இடங்களில் இரும்புக் கருவிகளை விலக்கி, மரம், பித்தளை போன்ற பொறி எழாப் பொருள்களால் ஆன கருவிகளையே கொள்ள வேண்டும் என விதி இருக்கிறது. உராய்வும் மோதலும் சிவகாசி வட்டாரத்தில் எத்தனையோ இல்லங்களில் விளக்கை அணைத்திருக்கின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் மட்டும் ஏறக்குறைய 40 உயிர்கள் மாண்டன. வகுப்பறையில் 'உழைப்பு வெப்பமாகும்' என்று நான் கரும்பலகையில் எழுதியபோதெல்லாம், எதிரே அமர்ந்திருந்த பிள்ளைகளில் பலர் அவ்வாலைகளுக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் என்பதை நான் மறந்ததில்லை. பௌதிகம் தேர்வுக்காக மட்டும் இருக்கும் பாடம் அன்று. அதனை அறிந்த பிள்ளை தன் வீட்டாரிடம் ஒரு சொல் சொன்னால், அச்சொல் ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.

எங்கள் கண்மாய்க் கரைப் பட்டறை இன்று இல்லை. ஆசாரி மறைந்தார், அவர் மக்கள் வேறு தொழிலுக்குச் சென்றனர். அது அவர்கள் உரிமை. அதனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆயினும் அவர் கண்ணில் இருந்த நிற அளவு, ஏட்டில் ஏறாமலே அவரோடு போயிற்று. எந்தச் சிவப்பில் அடிக்க வேண்டும், எந்த வைக்கோல் நிறத்தில் அரிவாளின் விளிம்பைத் தோய்த்து நிறுத்த வேண்டும் என்பனவெல்லாம் அவர் கற்றவை; நான் குறித்துக்கொள்ளத் தவறியவை. பேனாவும் தாளும் கையிலிருந்த நான், அவர் அருகில் நின்றும் எழுதாமல் விட்டேன். அக்குறை என்னுடையதே.

ஆகவே, உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். உங்கள் ஊரில் இன்னும் ஓர் உலை எரிந்துகொண்டிருந்தால், ஒரு மாலைப் பொழுது அங்குச் சென்று நில்லுங்கள். லாரியின் பழைய வில்பட்டை எவ்வாறு அரிவாளாகிறது என்று பாருங்கள். கேளுங்கள், கேட்டதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். ஆதிச்சநல்லூர்க் கொல்லர் சொன்னதைக் கேட்டு எழுத அன்று ஒருவரும் இல்லை. இன்று நீங்கள் இருக்கிறீர்கள். அடுத்த தீபாவளியன்று மத்தாப்புக் கம்பி ஆறியதும் அதன் இரு முனைகளையும் வளைத்துப் பாருங்கள். மேற்கொண்டு கற்கவேண்டியதை அது உங்களுக்குச் சொல்லித் தரும்.